தெனாருக்கு என்ன ஆச்சு?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 32. யாங்கோனில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினேழு வயதில், பன்சோடான் தெரு நடைபாதையில், உர்சுலா லெ குவின் எழுதிய ‘எர்த்ஸீ’ கதைகளின் முதல் மூன்று பாகங்களும் ஒன்றாகத் தைத்த பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். முறை வைத்துக் கரண்ட் கொடுத்த காலம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பத்து வயதுத் தங்கச்சிக்கு ராத்திரி ராத்திரி தமிழில் கதை சொல்வேன். மந்திரவாதி கெட் எங்களுக்கு வீட்டு ஆள் மாதிரி. தங்கச்சிக்கு இரண்டாம் பாகத்தில் வரும் தெனார் மேல்தான் உயிர். கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, தான்தான் தெனார், இதுதான் பாதாளம் என்பாள்.

போன மாதம் அதே தெருவில் நான்காம் பாகம் கிடைத்தது. ஒரே இரவில் முடித்தேன். முடித்ததும் ஏன்தான் படித்தோமோ என்று ஆகிவிட்டது. கெட்டிடம் மந்திரமே இல்லை. யார் கண்ணிலும் படாமல் ஒளிகிறான், மலையில் ஆடு மேய்க்கிறான். கோபமாக வருகிறது. ஆனால் சில பக்கங்களைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கவும் செய்கிறேன்.

தங்கச்சி கல்யாணமாகி மௌல்மீனில் இருக்கிறாள், இரண்டு வயதில் குழந்தை. ஞாயிறு இரவுகளில் போனில் அவளுக்கு இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த இடம் வந்ததும் வாய் வரவில்லை. கெட்டுக்கு மந்திரம் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன். “எனக்கு அப்பவே தெரியும்ண்ணே” என்று சந்தோஷப்பட்டாள். அன்றிலிருந்து உறுத்துகிறது. நான் செய்தது தப்பா? ஐந்தும் ஆறும் தேடிப் படிக்கலாமா, மூன்றோடு நிறுத்தியிருக்க வேண்டுமா?
— பெயர் வேண்டாம், யாங்கோன்.

பதில்: தம்பி, கெட்டின் மந்திரத்தை நான்காம் பாகம் பறிக்கவில்லை. அது மூன்றாம் பாகத்திலேயே போய்விட்டது. புத்தகம் கையில்தானே இருக்கிறது, கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். உயிரோடிருப்பவர்களுக்கும் செத்தவர்களுக்கும் நடுவில் திறந்துகிடந்த வாசலை அடைப்பதற்காக, தன்னிடம் இருந்த சக்தி அத்தனையையும் கொட்டித் தீர்த்துவிடுகிறான். அப்புறம் ஒரு கிழ டிராகன் வந்து அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு பறக்கிறது. நமக்கு டிராகனைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது, முதுகில் உட்கார்ந்திருப்பவன் வெறும் ஆள் என்பதைக் கவனிக்கவில்லை. நீங்களாவது பதினேழு வயதில் ஏமாந்தீர்கள். நான் அதைப் படிக்கும்போது எனக்கு நாற்பது.

ஆடுகளும் புதிது இல்லை. முதல் பாகம் தொடங்குவதே ஆடு மேய்க்கும் பையனிடம்தான். அம்மாவின் கூடப்பிறந்தவள் ஏதோ வார்த்தை சொல்லி ஆட்டைக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, இவனும் போய் அதையே சொல்வான். மந்தை மொத்தமும் வந்து அவனை நெருக்கி நிற்கும். கூப்பிடத் தெரிந்தது, விலக்கத் தெரியவில்லை. பயந்துபோய் ஊருக்குள் ஓடுவான், ஆடுகளும் கூடவே ஓடி வரும். புறப்பட்ட இடத்துக்கே அவனைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார் லெ குவின் அம்மாள். (‘கெட்’ என்று தமிழில் எழுதும்போதெல்லாம் கெட்டுப்போனவன் என்று காதில் விழுகிறது. பாவம், அது அவர் குற்றமில்லை.)

இதெல்லாம் புரிந்தால் வருத்தம் போய்விடுமா? போகாது. எனக்கும் போகவில்லை.

எங்கள் ஊர் தட்டோன். அப்பா அரிசி மில்லில் மேஸ்திரி. தோளில் ஒரு மூட்டை இருக்கும்போதே பின்னால் வருகிறவனைத் திரும்பித் திட்டுகிற ஆள். ஒரு மழைக்காலத்தில் ஏற்றுப் பலகையில் வழுக்கி விழுந்தார், இடுப்பு எலும்பு போயிற்று. நடக்க வந்தபிறகும் டீக்கடைப் பக்கம் போகவில்லை. சிநேகிதர்கள் தேடி வந்தால் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வார், நாங்கள் இல்லை என்று சொல்லவேண்டும். ராஜாவின் ஆட்கள் தேடி வருகிறார்கள் என்றதும் கெட் மலைமேல் ஏறி ஒளிகிற பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எடுக்க ஒரு வாரம் ஆயிற்று.

ஒருநாள் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா ஒன்றும் பேசாமல் முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுச் சோற்றில் கல் கடிபட்டதே இல்லை. ஆனால் நான் யாங்கோனுக்குப் படிக்க வந்த பிறகும், கேட்டவர்களிடமெல்லாம் ‘அப்பா மில்லில் மேஸ்திரி’ என்றே சொல்லி வந்தேன். ஆகவே நீங்கள் போனில் சொன்ன பொய் எனக்கு நன்றாகப் பழக்கமான பொய்.

தொடர்ச்சி வந்து மனதைக் குலைப்பதும் நமக்குப் பழக்கம்தான். சிலப்பதிகாரத்தைப் படித்துவிட்டுக் கண்ணகி மேல் பைத்தியமாக இருந்தேன், சிலம்பை உடைத்து மதுரையை எரித்தவள் இல்லையா? அந்தச் சூட்டோடு மணிமேகலையை எடுத்தேன். தெய்வம் வந்து பெண்ணைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டுகிறது, உருவம் மாற மந்திரம், வானத்தில் பறக்க மந்திரம், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. இன்றைக்கு எழுதினால் இதையும் மாயாஜாலக் கதை என்றுதான் கடையில் அடுக்குவார்கள். எனக்கு அந்தத் தெய்வம் முன்பே தெரிந்தவள் வேறு. எங்கள் பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி ஜாதகக் கதை சொல்வார்: ஜனக இளவரசன் சுவண்ணபூமிக்குக் கப்பலேறுவான், கப்பல் முழுகும், ஏழு நாள் நீந்துவான், கடல்தெய்வம் மணிமேகலா வந்து தூக்கிக் கரை சேர்ப்பாள். சுவண்ணபூமி என்பது நம் தட்டோன்தான் என்பது அங்கே எல்லோருக்கும் பெருமை. கோவலனின் முன்னோர் ஒருவரையும் இதே தெய்வம்தான் கடலிலிருந்து காப்பாற்றியது, அந்த நன்றிக்குத்தான் மகளுக்கு அந்தப் பெயர். ஆக, சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதுபோலத்தான் உள்ளே போனேன்.

போய்க்கொண்டே இருந்தால், வஞ்சி நகரத்தில் மணிமேகலை கண்ணகி கோயிலுக்கு வருகிறாள். அங்கே கண்ணகி பேசுகிறாள். கோபத்தில் ஊரை எரித்த வினைக்குப் பின்னொரு நாள் தான் பலன் அனுபவித்தே ஆகவேண்டும் என்கிறாள்! எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. என் கண்ணகியை இப்படிப் பேசவைக்க இந்தச் சாத்தனார் யார்? அவளை எழுதியவர் இளங்கோ, இவர் இடையில் புகுந்து கணக்குக் கேட்கிறாரே என்று புத்தகத்தைத் தூக்கி எறியாத குறை. இன்றைக்கும் அந்த இடத்தில் சாத்தனாரோடு எனக்குச் சமாதானமில்லை. ஆனால் மதுரையில் எரிந்துபோன வீடுகளில் யார் இருந்தார்கள் என்று நான் யோசித்ததே அவரால்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் ஓட்டிவிட்டேன். கோபமும் வருகிறது, திரும்பத் திரும்பப் படிக்கவும் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தீர்த்துக்கொண்டே ஆகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இனி உங்கள் தங்கச்சி. (நான்காம் பாகம் படிக்காதவர்கள் இதற்கு மேல் வரவேண்டாம்.)

இரண்டாம் பாகத்தில் கெட்டும் தெனாரும் பாதாளத்திலிருந்து வெளியே வந்து கடலேறிப் போகிறார்கள். மூன்றாம் பாகம் முழுக்கக் கெட்டும் இளவரசனும்தான். தெனார் கண்ணிலேயே படமாட்டாள். கட்டிலுக்கடியில் தெனாராக இருந்த குழந்தை, மூன்றாம் கதை நடக்கும்போது “தெனாருக்கு என்ன ஆச்சு?” என்று உங்களைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டாள். என்ன பதில் சொன்னீர்கள்? எங்கேயோ அரண்மனையில் சௌக்கியமாக இருக்கிறாள் என்று சொல்லியிருப்பீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் பாகம் வந்தது 1972-ல். நான்காவது 1990-ல். அந்தப் பதினெட்டு வருஷத்துக்குப் பின் எழுதியவர் திரும்பி வந்தது உங்கள் தங்கச்சியின் கேள்வியோடுதான். தெனாருக்கு என்ன ஆச்சு? மந்திரம் கற்கிற வாய்ப்பை வேண்டாம் என்றாள். ஒரு விவசாயியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பிள்ளை பெற்றாள், புருஷன் செத்தான். பெற்றவர்களே நெருப்பில் தள்ளிவிட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். கப்பலிலிருந்து திரும்பும் மகனோ, தின்ற தட்டை எடுத்து வைக்காமல் உட்கார்ந்திருக்கிறான். மூன்று பாகங்களில் மந்திரவாதிகள் கடல்கடலாகப் போனபோது வீட்டில் யார் அடுப்பு மூட்டினார்கள் என்று முந்தைய புத்தகங்கள் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. இந்தப் புத்தகத்தில் கெட் ஒரு விருந்தாளி. நீங்கள் கெட்டைத் தேடிப் போனதால் வீடே காலியாகத் தெரிந்திருக்கிறது.

எனவே உங்கள் பொய்யில் எனக்கு உறுத்துவது வேறு இடம். கதையை மாற்றியது தப்பே இல்லை. கதை சொல்கிறவன் மாற்றத்தான் செய்வான். ராமன் முடிசூடி, வந்தவர்களுக்கு விடைகொடுத்து அனுப்பியதோடு கம்பர் நிறுத்திவிட்டார். சீதையைக் காட்டுக்கு அனுப்புகிற உத்தர காண்டத்தைத் தமிழில் ஒட்டக்கூத்தர் பாடினார் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கதையை யாரும் வாயெடுத்துச் சொன்னதில்லை. மூன்றோடு நிறுத்திக்கொள்கிற உரிமை உங்களுக்கும் உண்டு. ஆனால் நீங்கள் நிறுத்தவில்லையே, தம்பி. நான்காவதைத் தொடங்கிவிட்டு, அதன் நடுவில் கெட்டுக்கு மந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள். கொடுத்ததும் கதை மறுபடி அவன் கதையாகிவிட்டது. பாதாளத்திலிருந்து வந்தவள் இத்தனை வருஷம் கழித்து ஒரு குழந்தையின் தீப்புண்ணுக்கு மருந்து தடவுகிறாள் என்பதை, ஒரு கையில் போனும் ஒரு கையில் குழந்தையுமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற தெனாரிடமே சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

அந்தப் புத்தகத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முடிவு அவசரம். அவ்வளவு நேரம் பொறுமையாகப் பால் கறந்து, துணி துவைத்து, நூல் நூற்று வந்த கதை, கடைசிச் சில பக்கங்களில் வில்லனைக் கொண்டுவந்து, டிராகனை வரவழைத்துச் சட்டென்று தீர்த்துக்கொள்கிறது. டிராகன் வராமலே முடித்திருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும். சில இடங்களில் ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று பாத்திரங்கள் உட்கார்ந்து வாதம் பண்ணுவதும் கொஞ்சம் நீளம். உங்கள் எரிச்சலில் பாதி இதனால் வந்தது என்றால் நான் உங்கள் கட்சி.

ஐந்து, ஆறைப் பற்றி: நான்காவதை ‘எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்’ என்று போட்டுத்தான் வெளியிட்டார்கள். அப்புறம் 2001-ல் அவரே இன்னும் இரண்டு கொண்டுவந்தார். ஐந்தாவது சிறுகதைகளும் குறுநாவல்களும். ஆறாவதில் கெட் வயதானவன், தோட்டத்தைக் கவனித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறான், தெனாருக்காகக் காத்திருக்கிறான். மந்திரம் திரும்பவில்லை, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஆளைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. முறத்தை இழுத்துக்கொண்ட பிறகு அப்பாவுக்கு இருந்த முகம்.

இப்போது உடனே வாங்காதீர்கள். முதலில் நான்காவதை இன்னொரு தடவை, கெட் எப்போது வருவான் என்று பக்கத்தைத் தள்ளாமல் படியுங்கள். அவன் வர நேரமாகும், வரட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் போட்டதும், “ஒரு இடத்தில நான் மாத்திச் சொல்லிட்டேன்” என்று ஆரம்பியுங்கள். திட்டுவாள். ஏன் மாற்றினாய் என்று கேட்டால் மழுப்பாமல், எனக்குத் தாங்கலை என்று சொல்லுங்கள். அண்ணன் அப்படிச் சொல்லி அவள் கேட்டிருக்கமாட்டாள். அதன் பிறகு கெட்டை விட்டுவிட்டு, தெனார் பண்ணை வீட்டிலிருந்து அந்தக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்புகிற இடத்திலிருந்து சொல்லிப் பாருங்கள். தீப்பட்ட குழந்தையின் கதையைக் கைக்குழந்தைக்காரியிடம் சொல்கிறீர்கள், அந்தப் பக்கங்களை மட்டும் மெதுவாக. வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாவது வேண்டுமா என்று அவளே முடிவு பண்ணட்டும். வேண்டும் என்று சொல்லி, நீங்கள் பன்சோடான் தெருவில் தேடப் போனால், இரண்டு பிரதி கிடைக்கிறதா பாருங்கள். என்னுடையதை ஒருத்தர் இரவல் வாங்கிப் போய் மூன்று வருஷமாகிறது, கேட்டால் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாராம்.