சுவடிக்கூடத்துக்குப் போக ஆசைப்படும் மகளும் பயப்படும் தாயும்

அன்புள்ள அம்மா,

நிலாவெளியில் இருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மகள் உயர்தரத்தில் தமிழ், வரலாறு, புவியியல் எடுத்து நல்ல பெறுபேறு வாங்கியிருக்கிறாள். ஆசிரியராக வருவாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில், "கொழும்புச் சுவடிக்கூடத்தில் வேலை செய்ய விருப்பம்" என்று சொல்லிவிட்டாள். "பழைய கடதாசியைக் காவல் காக்கவா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிப்பித்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் மறுமொழி சொல்வதற்கு முன்னால் அங்கே உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். மகளுக்கே அது முழுதாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதனால் இந்தக் கடிதத்தை இருவரும் சேர்ந்து வாசியுங்கள்.

மகள் சொல்லும் சுவடிக்கூடம் என்பது அரசின் பழைய ஆவணங்களைப் பேணும் தேசிய சுவடிகள் திணைக்களம். அது கொழும்பு 7இல், பிலிப் குணவர்தன மாவத்தையில் இருக்கிறது. 1902இல் ஆர். ஜி. அந்தோனிஸ் அரசாங்கச் சுவடிக் காப்பாளராக நியமிக்கப்பட்ட நாளில் இருந்து அதன் கதை தொடங்குகிறது. இன்று அதற்கு அதிகாரம் தருவது 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். ஒரு கந்தோரில் இடம் போதவில்லை என்பதற்காகப் பழைய கோப்புகளை அங்குள்ள அதிகாரி தன் பாட்டுக்கு எரிக்கவோ நிறைக்கு விற்கவோ முடியாது. சுவடித் திணைக்களத்தின் ஒப்புதல் வேண்டும். அந்தச் சட்டத்தில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

எல்லாவற்றையும் வைத்திருக்கவும் முடியாது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், தங்கள் அரசு உண்டாக்கும் ஆவணங்களில் 1 முதல் 3 வீதம்தான் நிரந்தரமாக வைக்கத் தக்கவை என்று சொல்கிறது. மற்றவை காலம் முடிந்ததும் போகும். கதிரை வாங்கிய பற்றுச்சீட்டுப் போகலாம்; குடியேற்றத் திட்டத்தில் யாருக்கு எந்தக் காணி கொடுக்கப்பட்டது என்ற ஏடு போகக் கூடாது. எதை விடுவது, எதை வைப்பது என்று தீர்மானிக்கிறவருக்கு நாட்டின் நிர்வாகமும் தெரியவேண்டும், நாளைக்கு யார் எதைத் தேடி வருவார்கள் என்றும் ஊகிக்கத் தெரியவேண்டும். இது காவல்காரன் வேலை இல்லை, அம்மா. ஒரு தாள் குப்பையா சாட்சியா என்று முடிவெடுக்கும் வேலை.

அப்புறம் அடுக்கும் முறை. ஒரு கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்து கோப்புகள் வந்தால் அவற்றைக் கலைத்துத் தலைப்பு வாரியாகப் பிரிப்பதில்லை. வந்த கந்தோரின் பெயரில், அந்தக் கந்தோர் வைத்திருந்த ஒழுங்கிலேயே வைப்பார்கள். ஒரு முறைப்பாட்டுக் கடிதம் இருக்கிறது. அதற்கு முந்திய தாளில் அதிகாரி எழுதிய குறிப்பும் அடுத்த தாளில் வந்த பதிலும் இருக்கின்றன. கடிதத்தை மட்டும் பிரித்தெடுத்தால் அது வெறும் புலம்பல். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் என்ன நடந்தது என்று தெரியும்.

பேணிப் பாதுகாக்கும் பகுதிதான் மகளைக் கவர்ந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஒல்லாந்தர் காலத்து ஆவணங்கள், 1640 முதல் 1796 வரையானவை, ஏறத்தாழ 7000 தொகுதிகள் அங்கே இருக்கின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தபோது இலங்கையில் உள்ளவையும் அதில் அடங்கின. அக்காலத்தில் எழுதிய மை மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துச் செய்தது. பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கிறோமே, அதே மாசிக்காய்தான். அந்த மை நூற்றாண்டுக் கணக்கில் கடதாசியைத் தின்னும். எழுத்து இருந்த இடம் ஓட்டையாகி, பக்கம் சல்லடை போலாகிவிடும். நம் நாட்டின் ஈரக்காற்று அந்தச் சேதத்தைக் கூட்டும். கறையானும் வெள்ளிப்பூச்சியும் வேறு பக்கத்தால் வரும்.

இதற்கு வைத்தியம் செய்பவர்களைப் பார்த்தால் சத்திரசிகிச்சைக் கூடம்தான் நினைவுக்கு வரும். தூசியை மெல்லிய தூரிகையால் எடுப்பார்கள். கிழிசலுக்கு யப்பானில் செய்யும் மெல்லிய, நார் நீண்ட கடதாசியைக் கோதுமை மாப்பசையால் ஒட்டுவார்கள். ஏன் மாப்பசை? நாளைக்கு இதைவிட நல்ல முறை வந்தால் தண்ணீரில் நனைத்துக் கழற்றிவிடலாம். திருப்பி எடுக்க முடியாத எதையும் மூலத்தில் செய்யாதே என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். பிறகு அமிலமில்லாத பெட்டி, குளிரும் ஈரப்பதனும் ஏறி இறங்காத அறை. ஓலைச்சுவடி என்றால் வேறு பக்குவம்: எழுத்து மங்கியிருந்தால் கரி பூசித் துடைப்பார்கள், ஓலை காய்ந்து உடையாமல் புல்லெண்ணெய் தடவுவார்கள். மூலத்தை அடிக்கடி கை தொடக் கூடாது என்பதற்காக நுண்படம் (மைக்ரோபிலிம்) எடுப்பதும் ஸ்கேன் செய்வதும் நடக்கும்.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1786இல் திருகோணமலையில் ஒல்லாந்தரின் தலைமை அதிகாரியாக இருந்த வான் சென்டன் இந்த மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்து ஒரு நாட்குறிப்பு எழுதினார். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து ஊர்களையும் குளங்களையும் பற்றி இன்றைக்கு எழுதுகிறவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். எழுதியவர் ஊரைவிட்டுப் போய் இருநூறு வருடத்துக்கு மேல். அந்த நாட்குறிப்பை ஒருவர் வைத்திருந்தார், ஒருவர் பட்டியலிட்டார், ஒருவர் மொழிபெயர்த்தார். உங்கள் மகள் சேர நினைப்பது அந்த வரிசையில்.

ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய இடம் என்றும் நினைக்கவேண்டாம். வாசிப்பு அறைக்குச் சாதாரண மக்களும் போகலாம். பழைய வர்த்தமானியில் தன் தகப்பனின் நியமனத்தைத் தேடுகிறவர், சுவீகரித்த காணியின் அறிவித்தலைத் தேடுகிறவர், பழைய பத்திரிகையில் ஒரு மரண அறிவித்தலைத் தேடுகிறவர் என்று பலவிதமானவர்கள். 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தின் வழியாக இந்நாட்டில் அச்சான நூல்களும் அங்கே சேர்ந்திருக்கின்றன. கண்காட்சி வைப்பதும், பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்குவதும், வந்தவருக்குப் பொறுமையாகத் தேடிக் கொடுப்பதும் உத்தியோகத்தரின் கடமைதான். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் மூதூரில் இருந்து அங்கே போய் நின்றால் அவருக்குத் தமிழில் பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

ஒரு சம்பவம் சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு, கரையோரத்துப் பிள்ளை ஒருவனைப் பாடசாலையில் சேர்க்க என்னிடம் கூட்டிவந்தார்கள். வீட்டோடு பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் போய்விட்டது. பதிவின் இன்னொரு பிரதி வேறோர் இடத்தில் பத்திரமாக இருந்ததால் பிழைத்தான். அது சுவடித் திணைக்களத்தின் வேலை இல்லை, பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் பொறுப்பு. ஆனால் அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது: இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த நமக்கு, வேறெங்கோ ஒருவர் ஒரு தாளைக் கவனமாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய உதவி.

சரி, வழிக்கு வருவோம். இந்தத் திணைக்களத்தில் வெற்றிடம் அடிக்கடி வராது. வந்தால் வர்த்தமானியில் வரும். தகைமை என்ன என்று அந்த அறிவித்தலில்தான் பார்க்கவேண்டும். ஆகவே ஒரே ஒரு கந்தோரை நம்பிப் படிக்கக் கூடாது. மகள் வரலாற்றில் பட்டம் எடுக்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் நமக்குக் கிட்ட உள்ளவை. ஆங்கிலம் கைவசம் இருந்தால் களனிப் பல்கலைக்கழகத்தின் நூலக, தகவல் விஞ்ஞானத் துறையையும் யோசிக்கலாம். பட்டத்தோடு பக்கத்தில் இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவைச் செய்தால் பட்டியலிடும் பயிற்சி கிடைக்கும். இந்தப் படிப்போடு பல்கலைக்கழக நூலகம், அருங்காட்சியகம், பத்திரிகை நிறுவனம், வங்கிப் பதிவறை, எதற்கும் விண்ணப்பிக்கலாம். தகவல் அறியும் உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், புதிதாக உருவாகும் பதிவேடுகளைக் குறைந்தது 12 வருடம் பேணவேண்டும் என்கிறது. அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த ஆள் ஒவ்வொரு கந்தோருக்கும் தேவை. தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் மின்னுருவாக்கும் நூலகம் நிறுவனமும் 2005இல் இருந்து இந்தத் துறையில் வேலை செய்கிறது.

மொழி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பிரித்தானியக் காலத்துக் கோப்புகள் ஆங்கிலத்தில், அதுவும் கையெழுத்தில். கந்தோரில் கூட வேலை செய்கிறவர்களோடு சிங்களம் வேண்டும். இரண்டையும் இப்போதே தொடங்கவேண்டும். கம்பஸ் போய்ப் படிக்கலாம் என்று விட்டால் பிந்திவிடும். தமிழைச் சரளமாக வாசித்து, பழைய எழுத்தையும் பிரித்தறிந்து, சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் அங்கே போனால் அவருக்கு நிகர் தேடுவது கஷ்டம். அது மகளின் பலமாக இருக்கும்.

கொழும்பில் தங்குவது, செலவு, பெண்பிள்ளை தனியாக இருப்பது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. இன்றைக்கே அதை நினைத்து நித்திரையைக் கெடுக்கவேண்டாம்.

இந்த விடுமுறையில் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். மாமனாரின் றங்குப்பெட்டியில் பழைய கடிதங்களும் காணி உறுதியும் கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்களே, அவற்றை அவளிடம் விடுங்கள். ஒழுங்கைக் கலைக்காமல், மேலிருந்து கீழாக ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, திகதி, எழுதியவர், விஷயம் என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றலாம். ஒட்டுநாடா ஒட்டக் கூடாது. மூன்றாவது நாளும் அந்தப் பெட்டிக்கு முன்னால் அலுக்காமல் இருந்தாள் என்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசற் (Z) புள்ளியோடு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புவோம். உறுதியைக் கடையில் கொடுத்து லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் ஒட்டியது பிறகு கழலாது.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்