துளையுள்ள நெடுங்கல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி): எனது மகளின் குடும்பம் இங்கிலாந்தில் வசிக்கிறது. வருகிற ஆடி மாதம் நானும் எனது கணவரும் அங்கே போகிறோம். கோர்ன்வோல் என்ற மேற்கு மூலையில், நடுவே வட்டமாகத் துளையிட்ட பழைய கல் ஒன்று நாட்டுப்புறத்தில் நிற்பதாகவும், குழந்தைகளை அந்தத் துளைக்குள்ளால் எடுத்தால் நோய் தீரும் என்று அவ்வூரார் நம்பியதாகவும் மருமகன் சொல்கிறார். எங்கள் பேத்தியையும் அங்கே கூட்டிச்செல்ல அவருக்கு விருப்பம். மாமியோ, அது இறந்தவர்களுக்கு வைத்த கல்லாக இருக்கும், பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது என்கிறார். அது என்ன கல்? போகலாமா?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். மருமகன் சொல்வது மேன்-அன்-டோல் என்ற கல்லை. பென்சான்ஸ் நகருக்கு வடமேற்கே, மட்ரன், மோர்வா என்னும் இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில், பற்றைகளும் புல்லும் மண்டிய வெளியில் அது நிற்கிறது. உயரம் ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூட; வட்ட வடிவான கருங்கல்; நடுவில் ஏறத்தாழ அரை மீற்றர் விட்டமுள்ள துளை. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தூண்கல் உண்டு. ஒரு தூணின் அடியில் நான்காவது கல் விழுந்து கிடக்கிறது. படங்களைப் பார்த்து ஆளுயரத்துக்கு மேலாக ஓங்கி நிற்கும் என்று எண்ணிப் போகிறவர்களுக்கு அதன் சிறுமை முதலில் வியப்பாக இருக்கலாம். புதிய கற்காலத்தின் இறுதியிலோ வெண்கலக் காலத்தின் தொடக்கத்திலோ, அதாவது இன்றைக்கு ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முன்னர் நாட்டப்பட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நோய் தீர்க்கும் நம்பிக்கையும் உண்மையாகவே இருந்தது. எலும்பு மெலிந்து கால் வளைந்துபோகும் நோய் கண்ட குழந்தைகளை, உடை களைந்து, துளையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மூன்று முறை கொடுத்து வாங்குவார்கள். பிறகு புல்லின் மேல் கிழக்கு நோக்கி மூன்று முறை இழுப்பார்கள். முதுகு நோவுள்ள பெரியவர்கள், சூரியன் செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் ஒன்பது முறை அதற்குள் தவழ்ந்து போனார்கள். கல்லின் தலையில் இரண்டு பித்தளை ஊசிகளைக் குறுக்காக வைத்து, அவை அசையும் விதத்தைக் கொண்டு குறி கேட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வந்த நோய்க்குக் காரணம் பெரும்பாலும் விற்றமின் டி குறைபாடு என்பது இன்று தெரியும். அதற்கு மருந்து வெயிலிலும் உணவிலும் இருக்கிறது. ஆனால் வைத்தியம் கைக்கெட்டாத காலத்தில், நோயாளிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏறிய தாயின் தவிப்பு, வற்றாப்பளை அம்மனிடம் நேர்த்தி வைத்துப் போகிற எங்கள் தாய்மாரின் தவிப்புத்தான். அந்த மனிதர்களை எள்ளி நகையாடும் உரிமை எமக்கு இல்லை. பேத்தி விரும்பினால் உடுப்போடும் காலுறையோடும் ஒருமுறை நுழைந்து வரட்டும். ஆனால் அதை வைத்தியம் என்று எண்ணிவிடாதீர்கள்.

உங்கள் மாமியின் சொல்லையும் தள்ளிவிட முடியாது. அந்தத் துளைக்கல், மண்ணுக்குள் அமைந்த ஒரு கல்லறையின் வாயிலாக இருந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. தென்னிந்தியாவின் பெருங்கற்காலக் கல்லறைகளில், அதாவது இறந்தவர்களுக்குப் பெரிய கற்களால் அறை எழுப்பிய காலத்தவற்றில், இதற்கு நல்ல ஒப்புமை கிடைக்கிறது. நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த அவ்வறைகளில், ஒரு பக்கப் பலகையில், பெரும்பாலும் கிழக்கே, வட்டமான இடுதுளை ஒன்று இருக்கும். கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947இல் தொல்லியலாளர் மோட்டிமர் வீலர் அகழ்ந்த கல்லறைகளிலும், கொங்கு நாட்டுக் கொடுமணலிலும், கிருஷ்ணகிரிக்கு அருகேயுள்ள மல்லசந்திரத்துக் கல்திட்டைகளிலும் (நிலத்துக்கு மேலே கற்களை நிறுத்தி மூடுகல் வைத்தவை) அத்தகைய துளைகளைக் காணலாம். முதலில் வேறிடத்தில் வைத்த உடலின் எலும்புகளைப் பின்னர் சேர்த்தெடுத்து உள்ளே வைப்பதற்கு அத்துளை வழியாக அமைந்தது என்பது பொதுவான விளக்கம். கோர்ன்வோல் மக்களுக்கும் தக்காண மக்களுக்கும் உறவு இருந்தது என்று இதனால் நான் சொல்ல வரவில்லை. அவற்றுக்கிடையே கடலும் காலமும் பெரிதாகக் கிடக்கின்றன. கல்லில் அறை கட்டியவர்கள், அடைத்த அறைக்குள் மீண்டும் போகவேண்டி வந்தபோது, தனித்தனியே ஒரே தீர்வுக்கு வந்திருக்கலாம் என்பதே எனது எண்ணம்.

ஆனால் மேன்-அன்-டோல் கல்லறைதான் என்று அடித்துச் சொல்ல இன்று எவராலும் முடியாது. வில்லியம் போர்லேஸ் என்ற அறிஞர் 1749இல் அவ்விடத்தை ஆராய்ந்தபோது மூன்று கற்களும் நேர்கோட்டில் இருக்கவில்லை, ஒன்றுக்கொன்று கோணமாக நின்றன. அயலிலுள்ள கமக்காரர்கள் சில கற்களை எடுத்துச் சென்றதையும் அவர் எழுதிவைத்தார். இன்று நீங்கள் பார்க்கப்போவதோ நேர்வரிசை. இடையில் யாரோ, நல்லெண்ணத்தோடுதான் இருக்கலாம், கல்லை நகர்த்தியிருக்கிறார்கள். பிற்காலத்தில் புல்லுக்கடியில் மறைந்துள்ள கற்களையும் சேர்த்து அளந்தவர்கள், ஏறத்தாழ 18 மீற்றர் விட்டமுள்ள கல்வட்டமொன்றின் எச்சமாக இது இருக்கலாம் என்றார்கள். அப்படியென்றாலும், துளைக்கல் அந்த வட்டத்தில் முதலிலிருந்தே எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பது உறுதியாகத் தெரியாது. ஒரு கல் நின்ற இடமும் அது பார்த்த திசையும் அதன் சாட்சியத்தில் பாதி. அதை அழித்துவிட்டால் மீட்க வழியில்லை. அங்கே நிற்கும்போது உங்கள் பேத்திக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

வழியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இலண்டன் பாடிங்டனிலிருந்து பென்சான்ஸ் வரை புகையிரதத்தில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து மட்ரன்–மோர்வா வீதியில் சென்று, வீதியோரச் சிறு இடத்தில் வாகனத்தை நிறுத்தி, தோட்டங்களுக்கு இடையே செல்லும் கல் பாதையில் ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட நடக்க வேண்டும். கட்டணம் இல்லை, கடை, கழிப்பறை போன்ற வசதிகளும் இல்லை. மழைக்குப் பின் சேறாக இருக்கும், ஆடியிலும் காற்று குளிராக வீசும். மூட்டுநோவு உள்ளவர் நல்ல சப்பாத்து அணிந்து ஆறுதலாக நடக்கலாம். அதே வீதியின் ஓரத்தில் லன்யன் குவொய்ட் என்ற கல்திட்டையும் இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் வன்னியிலும் இவ்வாறான பழைய துளைக்கற்கள் உண்டா? காட்டுக்குள் துளையுள்ள கற்களைக் கண்டதாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள்.

பதில்: காட்டுக்குள் கண்ட துளைக்கற்கள் எல்லாவற்றையும் கல்லறையோடு சேர்த்துவிட வேண்டாம். வன்னியில் துளையுள்ள கற்கள் பலவகை. கைவிடப்பட்ட கட்டடங்களின் தூண்களில் மரச்சட்டம் பொருத்துவதற்காக வெட்டிய சதுரக் குழிகள் இருக்கும். பாறையில் ஒரே நிரையாகச் சிறுசிறு நீள்சதுரக் குழிகள் தெரிந்தால், அது கல்லுடைத்தவர்கள் ஆப்பு இறக்கிய இடம். பழைய குளங்களின் கட்டுக்கும் துருசுக்கும் கல் எடுத்த பாறைகளில் இதைக் காணலாம். ஒரு பலகைக் கல்லில் ஒன்பது அல்லது இருபத்தைந்து சதுரக் குழிகள் கட்டங்கட்டமாக இருந்தால், அது திருவுருவத்தின் அடியில் மங்கலப் பொருள்கள் இட்டு வைக்கும் யந்திரக்கல். உரலும் செக்கும் எவருக்கும் தெரிந்தவை. இவற்றுள் ஒன்றும் மேன்-அன்-டோலின் இனம் அல்ல. எனினும் ஒவ்வொன்றும் அங்கே மனிதர் குடியிருந்து, நீர் தேக்கி, கும்பிட்டு வாழ்ந்ததைச் சொல்வதால், எனக்கு அவை இங்கிலாந்துக் கல்லைவிடக் குறைந்தவையாகத் தோன்றவில்லை.

பெருங்கற்காலப் பண்பாடு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 1980இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் எலும்புக்கூட்டோடு எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. தெற்கே பொம்பரிப்பில் தாழிகளில் அடக்கம் செய்தார்கள். கிழக்கே கதிரவெளியிலும், தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையிலும் பலகைக் கல்லறைகள் உள்ளன. வன்னியின் வாசலான பூநகரிப் பகுதியில் அப்பண்பாட்டுக்குரிய கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்துள்ளன. எங்கே எவ்வாறு அடக்கம் செய்தார்கள் என்பதற்குக் கல்லின் இயல்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் தரை, வவுனியாப் பக்கம் கருங்கல் பாறை வெளிப்பட்ட நிலம். தேடுகிறவர் தெற்கு வன்னியில் பாறையடிகளையும் பழைய குளக்கரைகளையும் கவனித்துப் பார்ப்பது நல்லது. 1895இல் ஜே. பி. லூவிஸ் என்ற அரசாங்க அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கைந்நூலும் அக்காலத்துக் குளங்களையும் ஊர்களையும் அறிய உதவும்.

கேள்வி (நெடுங்கேணியிலிருந்து ஓர் ஆசிரியர்): எமது மாணவன் ஒருவனின் தந்தை காணி வெளியாக்கியபோது, சாய்ந்து கிடக்கும் நீண்ட கல் ஒன்றைக் கண்டிருக்கிறார். நிமிர்த்தி நாட்டி, சீமெந்துத் தளம் போட்டு, சிறு கோயிலாக்க ஊரார் யோசிக்கிறார்கள். மாணவர்களை அழைத்துப்போய்க் காட்டவும் விரும்புகிறேன். உங்கள் ஆலோசனை என்ன?

பதில்: தயவுசெய்து நிமிர்த்த வேண்டாம். மேலே சொன்ன லன்யன் குவொய்ட், குதிரையில் இருப்பவர் கீழால் போகக்கூடிய உயரத்தில் நின்றதாம். 1815இல் புயலில் விழுந்தது. அவ்வூரார் அன்போடு பணம் சேர்த்து 1824இல் மீண்டும் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் தாங்குகற்களில் ஒன்று உடைந்துபோனதால் மூன்று கால்களில், உயரம் குறைந்து, பழைய நிலையிலிருந்து மாறி நிற்கிறது. விழுந்த நிலையில் அளந்து வரைந்து வைத்திருந்தால் அதன் முதல் அமைப்பை இன்றைய ஆய்வாளர் இன்னும் தெளிவாக அறிந்திருப்பார்கள். இதைவிடக் கொடுமையானது ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவில் நடந்தது. அங்கே ஓடின் கல் என்ற துளைக்கல் நின்றது. காதலர் அதன் துளைக்குள்ளால் கைகோத்துச் சத்தியம் செய்வார்கள். ஆட்கள் ஓயாமல் தன் நிலத்துக்குள் வருகிறார்கள் என்ற சினத்தில், 1814 மார்கழியில் குத்தகைக்காரர் ஒருவர் அதை உடைத்தெறிந்தார். அந்தச் சத்தியங்களின் சாட்சி அதோடு போயிற்று.

கல் கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும். அதன் நீளம், அகலம், தடிப்பு, தலை எந்தத் திசையில் உள்ளது, அடியில் சிறு கற்கள் அடைத்திருக்கின்றனவா, சுற்றிலும் மட்பாண்ட ஓட்டுத் துண்டுகள் தெரிகின்றனவா என்பவற்றை எழுதி வையுங்கள். கிராம அலுவலருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் ஆசிரியர்களுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். 1940இன் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி அகழ்வது குற்றம் என்பதைக் காணிக்காரருக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். அறிவித்தால் காணி போய்விடுமோ என்ற பயம் எங்கள் மக்களிடம் இருப்பதை நான் அறிவேன். அது காரணமில்லாத பயம் அல்ல. அதனாலேயே, எவரும் வருவதற்கு முன், திகதியிட்ட படங்களும் குறிப்புகளும் ஊரின் கையில், பாடசாலையின் பதிவில் இருக்க வேண்டும் என்கிறேன். விளக்கேற்றிக் கும்பிட விரும்புகிறவர்கள் சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் கும்பிடலாம். கல்லின் மேல் எண்ணெயும் சீமெந்தும் படாதிருந்தால் போதும். தலைமுறைகளாக வழிபாட்டில் இருக்கும் கல்லென்றால் அது வேறு; அந்த வழிபாடும் அதன் வரலாற்றில் ஒரு பகுதி.

மாணவர்களைக் கூட்டிச்செல்லும்போது வழமையாக ஆட்கள் நடக்கும் பாதையை விட்டு ஓரடியும் விலகக் கூடாது. கண்ணிவெடி அகற்றிய பகுதிதானா என்பதை முதலே உறுதிசெய்து கொள்ளுங்கள். சிவப்பு எச்சரிக்கைப் பலகை எங்கே தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். யானை நடமாட்டம் இருப்பதால் காலை ஒன்பது மணிக்குப் பின் புறப்பட்டு வெயில் சாயுமுன் திரும்புவது நல்லது.

கேள்வி (மாங்குளத்திலிருந்து ஒரு மாணவி): கைத்தொலைபேசியில் கல்லைப் படமெடுத்தால் அதிலுள்ள கீறல்கள் தெரிவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். காலையிலோ மாலையிலோ சூரியன் சாய்வாக விழும்போது மெல்லிய வெட்டுக்கும் நிழல் விழும். முகில் மூடிய நாளென்றால், ஒருவர் பக்கத்திலிருந்து டோர்ச் வெளிச்சத்தைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பிடிக்க, மற்றவர் நேரே நின்று எடுக்கலாம். எழுத்துத் தெரிய வேண்டும் என்று சோக்குக் கட்டியாலோ கரியாலோ தேய்க்கக் கூடாது. பாசியைச் சுரண்டவும் கூடாது. பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து ஒரு படம், நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம், தூரத்தில் நின்று குளக்கட்டோ பாறையோ மரமோ சேர்ந்து தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். திகதியையும் இடத்தின் பெயரையும் அன்றே கொப்பியில் எழுதிவிடுங்கள்.