"நீங்க அவங்க ஆள்தானே?": மென்பொருள் சண்டைகள் பற்றிக் கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சங்கதிதான். மென்பொருள் பற்றி எதை எழுதினாலும் "விலைபோனவன்", "எதிரி" என்று முத்திரை குத்துகிறார்கள், என்ன செய்வது? முடிந்தவரை சொல்கிறேன். நிபந்தனை ஒன்றே ஒன்று: எது மேல் என்று கேட்பவர் மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும் தராவிட்டால் அந்தக் கேள்வியைத் தொடமாட்டேன்.

டேட்டாபேஸ் தம்பி: அண்ணே, போஸ்ட்கிரெஸ் 16, மைஎஸ்க்யூஎல் 8.0 ரெண்டையும் ஒரே மெஷின்ல ஓட்டி வேகத்தை ஒப்பிட்டு எழுதினேன். போஸ்ட்கிரெஸ்காரன்னு சொல்லித் திட்டித் தீர்த்துட்டாங்க. எப்படி எழுதியிருக்கணும்?

பதிப்பு எண் போட்டதற்கு ஒரு சபாஷ். கான்ஃபிக், அதாவது அமைப்புகளின் பட்டியல், எங்கே, தம்பி? தரவை வைத்துக்கொள்ள டேட்டாபேஸ் பிடித்துக்கொள்ளும் நினைவகத்துக்குப் போஸ்ட்கிரெஸில் ஷேர்டு பஃபர்ஸ் என்று பெயர், மைஎஸ்க்யூஎல்லில் பஃபர் பூல். இரண்டுமே நிறுவியவுடன் 128 எம்பிதான். 32 ஜிபி மெஷினில் ஒன்றை 8 ஜிபிக்கு ஏற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால், வந்த எண் டேட்டாபேஸைப் பற்றிப் பேசாது, உங்கள் பழக்கத்தைப் பற்றித்தான் பேசும். பெரும்பாலும் இதில் கள்ளத்தனம் கிடையாது. தெரிந்ததை ட்யூன் பண்ணுவோம், தெரியாததை அப்படியே ஓட்டுவோம். பார்க்கிறவனுக்கு அது ஓரவஞ்சனையாகத் தெரிகிறது.

அடுத்து, டிஸ்க். இரண்டுமே இயல்பாக ஒவ்வொரு கமிட்டையும் (உறுதி செய்த மாற்றத்தை) டிஸ்க்கில் பதித்த பிறகுதான் "ஆச்சு" என்று சொல்லும். ஒரு பக்கம் மட்டும் இந்தக் காத்திருப்பை, அதாவது சிங்க்ரனஸ் கமிட்டை, அணைத்துவிட்டால் வேகம் எகிறும். கரண்ட் போனால் கடைசி சில கமிட்டுகளும் சேர்ந்து போகும். இரண்டு பக்கமும் ஒரே உத்தரவாதத்தில் ஓடவேண்டும், அல்லது வித்தியாசத்தை எழுதிவிட வேண்டும்.

சோதனையைக் குறைந்தது 10 தடவை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் கேஷ் காலியாக இருக்கும், அதைத் தனியாகக் காட்டுங்கள். மற்றவற்றின் இடைநிலை எண்ணோடு, ஆகக் குறைந்ததையும் ஆகக் கூடியதையும் சேர்த்துப் போடுங்கள். சராசரியை மட்டும் போட்டால் ஒரே ஒரு கோணல் ஓட்டம் எல்லாவற்றையும் இழுத்துவிடும். சுமை கொடுக்கும் நிரலை வேறு மெஷினில் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே சிபியுவுக்கு அடித்துக்கொள்ளும். இரண்டு கான்ஃபிக் கோப்புகளையும் ஸ்கிரிப்டையும் கட்டுரையோடு வெளியிடுங்கள். மெஷின் யார் கொடுத்தது, சம்பளம் யார் தருகிறார்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதே செய்தி மூன்றாம் நாள் வேறொருவர் வாயிலிருந்து வந்தால் கதை கந்தல்.

ஆரக்கிள் டேட்டாபேஸை ஒப்பிடுவதாக இருந்தால் முதலில் உரிமத்தைப் படியுங்கள். முன் அனுமதி இல்லாமல் அளவீட்டை வெளியிடக்கூடாது என்ற விதி அதில் உண்டு. 1980களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேவிட் டிவிட் வெளியிட்ட அளவீட்டில் ஆரக்கிள் பின்தங்கியதால் வந்தது. அதனால்தான் அதற்கு "டிவிட் விதி" என்று பெயர்.

குழப்பவாதி: நிரல் எழுத விம் எடிட்டரா, ஈமேக்ஸா?

பதிப்பு எண் இல்லை. அடுத்தவர்.

நெல்லை நிரலர்: பாரபட்சம் என்ற குற்றச்சாட்டு எப்போதாவது உண்மையாக இருந்திருக்கிறதா, சார்? இல்லை, எல்லாமே தோற்றவர் புலம்பலா?

இருந்திருக்கிறது. எழுதிய நிரலைச் சிபியு ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் இன்டெல்லின் சி++ கம்பைலரை எடுத்துக்கொள்ளுங்கள். அது உருவாக்கிய நிரல் ஓடும்போது, சிபியுவுக்கு எந்தெந்த வேகக் கட்டளைகள் தெரியும் என்று கேட்பதோடு நிற்கவில்லை. "உன்னைச் செய்தவர் யார்?" என்றும் கேட்டது. பதில் "ஜெனுயின் இன்டெல்" இல்லையென்றால், அதே கட்டளைகள் தெரிந்த ஏஎம்டி சிப்பையும் மெதுவான பாதைக்குத் தள்ளியது. டென்மார்க்கின் ஆக்னர் ஃபாக் இதை நிரலைப் பிரித்துப் பார்த்து எழுதினார். 2010இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு இன்டெல் செய்த உடன்பாட்டில் கம்பைலர் விஷயமும் வந்தது. கம்பைலரின் ஆவணங்களில் "மற்ற நிறுவனச் சிப்களில் அதே அளவுக்கு வேகப்படுத்தாமல் போகலாம்" என்ற அறிவிப்பும் ஏறியது.

கவனியுங்கள், ஃபாக் "இன்டெல் கெட்டவன்" என்று எழுதி நிறுத்தவில்லை. எந்தச் சோதனை, எந்த இடத்தில், எதை மாற்றினால் வேகம் திரும்புகிறது என்று எழுதினார். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

டெபியன் ரசிகை: சிஸ்டம்டி சண்டையில் யார் பக்கம் பாரபட்சம்?

இரண்டு பக்கமும் எதிராளியைப் பற்றி அதையேதான் சொன்னது. கணினி கிளம்பும்போது மற்ற நிரல்களைத் தொடங்கிவைக்கும் வேலைக்கு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் சிஸ்டம்டியை எடுப்பதா, அப்ஸ்டார்ட்டை எடுப்பதா என்ற சண்டை அது. 2014 பிப்ரவரியில் டெபியன் தொழில்நுட்பக் குழுவில் எட்டுப் பேர். சிஸ்டம்டிக்கு நாலு, அப்ஸ்டார்ட்டுக்கு நாலு. தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கில் சிஸ்டம்டி ஜெயித்தது. குழுவில் உபுண்டு லினக்ஸை உருவாக்கும் கனானிகலின் ஊழியர்கள் இருந்தார்கள், அப்ஸ்டார்ட்டோ கனானிகலின் பிள்ளை. சிஸ்டம்டியை எழுதிய லெனார்ட் பொட்டரிங் அப்போது ரெட் ஹேட் நிறுவனத்தில். யாரும் எதையும் மறைக்கவில்லை. சில நாளிலேயே உபுண்டுவும் சிஸ்டம்டிக்கு மாறப்போவதாக அறிவித்துவிட்டது. அந்த வருடக் கடைசியில், சிஸ்டம்டி வேண்டாம் என்றவர்களின் டெவுவான் டெபியனிலிருந்து பிரிந்து போனது. பொட்டரிங்குக்கு வந்த மிரட்டல்களோ வாக்கெடுப்போடு சம்பந்தமே இல்லாத வெறும் அசிங்கம்.

சென்னை வாசகர்: எனக்குக் கொலை மிரட்டல் வருகிறது.

முழு முகவரியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எதையும் அழிக்காதீர்கள், பதில் எழுதாதீர்கள். சைபர் கிரைம் போலீசுக்குப் போங்கள். இது என் துறை இல்லை.

தமிழ் ஆர்வலர்: ஐயா, யூனிகோடு தமிழுக்கு எதிராகத் திட்டமிட்டுச் செய்த சதி. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் தராமல் ஏமாற்றிவிட்டார்கள். ஒப்புக்கொள்கிறீர்களா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பாதி என்று சொல்லிவிடுகிறேன்.

யூனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரம். அந்த எண்களைப் பதின்ம முறையில் பாருங்கள். க 2965. ங 2969. நடுவில் மூன்று காலி இடம். இந்தியில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே இருக்கும் மூன்று வர்க்க எழுத்துகளின் நாற்காலிகள் அவை. 1988இன் இஸ்கி என்ற இந்தியத் தரத்தை அச்சாக வைத்து, எல்லா இந்திய மொழிகளையும் அதில் ஊற்றினார்கள். ர 2992, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. நம் நெடுங்கணக்கு ய ர ல வ ழ ள ற ன. எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் பறவை, பலம், பழம் என்று வரும். நமக்கு வேண்டியது பலம், பழம், பறவை.

ஆக விளைவு உண்மை. "சதி" என்பதற்கு அந்தக் காலி நாற்காலிகள் சாட்சி சொல்லவில்லை. ஒரே அச்சைப் போட்ட சோம்பலுக்குத்தான் சாட்சி சொல்கின்றன.

தமிழ் ஆர்வலர்: சோம்பல் என்றால் பரவாயில்லையா? அடி வாங்கியவனுக்கு அடித்தவன் நோக்கம் எதற்கு?

நியாயமான கேள்வி, எனக்கு இதில் சங்கடம்தான். விளைவைச் சொல்லி முறையிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் சதி என்று ஆரம்பித்தால் எதிராளி தன் மானத்தைக் காப்பாற்றப் போய்விடுவான், வரிசைப் பிரச்சினை அங்கேயே கிடக்கும். அதுவோ தீர்ந்த பிரச்சினை. போஸ்ட்கிரெஸ் 10 முதல், ஐசியு என்ற மொழிக் கருவித் தொகுப்பின் தமிழ் கொலேஷனை (வரிசை விதியை) கொடுத்தால் நெடுங்கணக்குப்படி வரும்.

டேஸ் தோழர்: 2010லயே தமிழக அரசு டேஸ்16ங்கிற தமிழ் எழுத்துக் குறியீட்டை ஏத்துக்கிச்சு. ஓர் எழுத்துக்கு ஓர் எண். நீங்க ஏன் அதை மறைக்கிறீங்க? யூனிகோடு ஆளா?

மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. 2010இல் யூனிகோடும் டேஸ்16உம் சேர்ந்தே ஏற்கப்பட்டன. டேஸின் வாதத்தில் பலம் உண்டு. "தமிழ்" என்ற சொல் யூனிகோடில் ஐந்து எண்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அந்த எண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். டேஸில் மூன்றே எண், 9 பைட். பைத்தான் நிரல்மொழியில் நீளம் கேட்டால் யூனிகோடு தமிழுக்கு 5 என்று சொல்லும், எந்தப் பள்ளிப் பிள்ளையும் 3 என்று சொல்லும்.

டேஸ் உட்கார்ந்திருக்கும் இடம்தான் சிக்கல். அது யூனிகோடின் தனிப் பயன்பாட்டுப் பகுதி, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் புறம்போக்கு. ஐகான் எழுத்துருக்களும் அதே பகுதியில்தான் குடியிருக்கின்றன. அடுத்தவர் போனில் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஒருமுறை ஏற்றிய எழுத்தை நகர்த்தமாட்டோம் என்பது யூனிகோடின் நிலைத்தன்மை விதி. அதனால் பழைய தமிழ்ப் பகுதியை இனி யாரும் பெயர்க்கப்போவதில்லை.

இன்னொருவர்: அப்போ நீங்க யூனிகோடு ஆள்தானே?

மேலே படியுங்கள்.

மற்றொருவர்: நேராகச் சொல்லுங்கள், யூனிகோடா டேஸா?

எந்த மென்பொருளுக்கு, எந்தப் பதிப்பில்? இந்தக் கேள்வி இத்தோடு ஏழாவது தடவை. இனி வந்தால் தாண்டிப் போய்விடுவேன்.

நூலக ஊழியர்: எங்கள் அட்டவணையில் "கௌரி" என்று தேடினால் பாதிப் புத்தகம் வருவதில்லை. யூனிகோடு தமிழை ஒதுக்குகிறது என்று சக ஊழியர் சொல்கிறார். மென்பொருள் கோஹா, பதிப்பு 22.11.

கடைசியில் ஒரு பதிப்பு எண்! அந்தப் பாதியில் யாரோ "கெளரி" என்று தட்டியிருக்கிறார்கள். க, எகரக் குறி, ள. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு சொல். கொ-வை இரண்டு துண்டாகத் தட்டியிருந்தால் என்எஃப்சி நார்மலைஸ் என்ற யூனிகோடின் சீராக்கும் முறை ஒட்டிவிடும். இதை ஒட்டாது, ஏனென்றால் ள ஒரு முழு எழுத்து.

அதற்காக "ெள" எல்லாவற்றையும் "ௌ" என்று ஒரே வீச்சில் மாற்றிவிடாதீர்கள். வெள்ளி, தெளிவு, கெளுத்தி எல்லாம் சிதையும். ள-வுக்குப் பின் குறியோ புள்ளியோ வராத இடம் மட்டும் என்று வடிகட்டினாலும், வட்டார வழக்குக் கதைகளின் "கெளம்பு", "வெளக்கு" மாட்டிக்கொள்ளும். பட்டியல் போட்டு மாற்றுங்கள்: கௌரி, கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால். முதலில் 50 பதிவில் ஓட்டிக் கண்ணால் பாருங்கள். அதற்கும் முன்னால் பேக்கப்.