வலை கட்டிய கடல்

அன்புள்ள சார்,

காட்சித் தொட்டியிலிருந்து எடுத்து, விரிகுடாப் புகலிடத்தில் வைக்க ஐஸ்லாந்துக்குக் கொண்டுவந்த இரண்டு பெலூகா (வெள்ளைத்) திமிங்கலங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். விரிகுடாவின் வாயில் வலை கட்டினால் அதுவும் தொட்டிதானே, என்ன, கொஞ்சம் பெரிய தொட்டி? போதாக்குறைக்கு அந்த இரண்டையும் திரும்பவும் கட்டடத்துக்குள் இருக்கும் தொட்டிக்கே கொண்டுபோனார்களாம். பேசாமல் கடலில் விட்டுவிடலாமே?

ர., கும்பகோணம்

அன்புள்ள ர.,

கடலில் விட்டுப் பார்த்த கதையையே முதலில் சொல்கிறேன். கெய்க்கோ என்ற ஓர்கா (கொலைகாரத் திமிங்கலம்) 1979-இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடிபட்டபோது சின்னக் குட்டி. கிட்டத்தட்ட இருபது வருடம் தொட்டிகளில் கழித்துவிட்டு 1998-இல் திரும்பி வந்தது. அதை வைத்துப் பழக்கிய இடமும், நீங்கள் கேட்கும் பெலூகாக்களுக்கு வலை கட்டிய இதே கிளெட்ஸ்விக் விரிகுடாதான். 2002-இல் நார்வே வரைக்கும் நீந்திப் போனது. போன இடத்தில் அது தேடியது மனிதர்களை. படகுகளின் பின்னால் வந்தது, பிள்ளைகள் முதுகில் ஏறி விளையாடினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அங்கேயே இறந்துபோனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடுகிறது. வேட்டை சொல்லித்தரத் தாயும் இல்லை, கூட்டமும் இல்லை. அப்படி வளர்ந்த உயிரைக் கடலில் விடுவது, விடுதலை என்ற பெயரில் கைகழுவுவதாக ஆகிவிடும்.

சரி, பெரிய தொட்டியா என்ற கேள்விக்கு வருகிறேன். லிட்டில் கிரே, லிட்டில் வைட் என்ற அந்த இரண்டு பெலூகாக்களையும் ரஷ்யக் கடலில் பிடித்து ஷாங்காயில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 2019 ஜூனில் சரக்கு விமானத்தில் ஐஸ்லாந்து வந்தன. விரிகுடாவின் பரப்பு சுமார் 32,000 சதுர மீட்டர், ஆழம் 10 மீட்டர் வரை. ஆனால் பரப்பைவிட எனக்குப் பெரிதாகப்படுவது ஓசை. பெலூகா காதால் பார்க்கிற உயிர்; தன் ஒலியின் எதிரொலியைக் கேட்டே எது எங்கே இருக்கிறது என்று அறியும். தொட்டியில் அது எழுப்பும் சொடுக்கொலி அதே நாலு சுவரில் பட்டு அப்படியே திரும்பி வரும், வருடக்கணக்காக. விரிகுடாவில் மணலும் பாறையும் பாசியும் நண்டும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி பதில் சொல்லும். தினமும் நீர் ஏறி இறங்கும்.

திரும்பத் தொட்டிக்குக் கொண்டுபோனதை நான் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றுக்கு வயிற்றுப்புண் வந்தது, மருத்துவம் பார்க்க வேண்டியிருந்தது. திரும்ப அழைத்துவர ஒரு தொட்டியும் மருத்துவரும் இல்லாத புகலிடத்தைத்தான் நான் நம்பமாட்டேன். அப்புறம், அங்கே இனப்பெருக்கம் கூடாது, வித்தை காட்டவைக்கக் கூடாது, வருகிறவர்கள் தொடக் கூடாது. குட்டி பிறந்தால் அதுவும் வலைக்குள் பிறந்த இன்னொரு கைதி. வலையில் பாசி படிந்து கனக்கும், கிழியும். ஆள் இறங்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெலூகா பல பத்தாண்டுகள் வாழும். அத்தனை வருடத்துக்கும் மீனுக்கும் ஆளுக்கும் பணம் வேண்டும். திறப்பு விழாவுக்குப் பணம் தருகிறவர்கள் இருபதாம் வருடம் இருப்பார்களா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

கனடாவில் நயாகரா அருகே மூடிக்கிடந்த ஒரு பூங்காவில் 30 பெலூகாக்கள் மாட்டிக்கொண்டிருந்தன. சீனாவுக்கு அனுப்ப 2025 அக்டோபரில் அரசு அனுமதி மறுத்தது. மறுபடியும் வித்தை காட்டப் போக வேண்டாம் என்பதுதான் காரணம். நல்ல முடிவு. ஆனால் பணமில்லை, கருணைக்கொலை செய்யவேண்டி வரும் என்றது பூங்கா நிர்வாகம். அந்த முப்பதும் போய்ச் சேர, அன்றைக்கு அந்த நாட்டில் வலை கட்டிய ஒரு விரிகுடாகூடத் தயாராக இல்லை.