வாசகர் கேள்வி: மின்னஞ்சல் கையொப்பம் ஏன் தவறுகிறது?

கேள்வி: கோத்தகிரியில் ஒரு சிறு தேயிலை விவசாயிகள் குழுவின் கணக்கை நான் எழுதி வருகிறேன். கொழுந்துக்குச் சேரவேண்டிய தொகை விவரத்தை க்னூபிஜி என்ற மென்பொருளால் இலக்கமுறைக் கையொப்பமிட்டு, கடிதத்துக்குள்ளேயே வைத்து அனுப்பினேன்; குன்னூர் உறுப்பினருக்கு ‘கையொப்பம் தவறானது’ என்று வந்தது. பிறகு அமைப்பை மாற்றி அனுப்பினேன். கூடலூர் உறுப்பினர் ‘சிக்னேச்சர்.ஏஎஸ்சி’ என்ற புரியாத இணைப்புதான் வந்திருக்கிறது என்கிறார். இடையில் யாரேனும் கைவைத்திருப்பார்களா?

– வாசகர், கோத்தகிரி

பதில்: குன்னூருக்குப் போன கடிதம் மாறியிருக்கிறது என்பது உறுதி; ஆனால் அதை மாற்றியது மனிதர்தான் என்று அந்த ஓர் அறிவிப்பை மட்டும் வைத்து யார்மீதும் ஐயம் கொள்ள வேண்டாம். கையொப்பம் என்பது நாம் படிக்கும் சொற்களின்மீது அல்லாமல், அவற்றைக் கணினி எண்களாகச் சேமித்துள்ள பைட்டுகளின்மீது கணக்கிடப்படுவதால், நீண்ட வரியை அஞ்சல் நிரல் தானாக மடித்தாலே அது பொருந்தாமல் போகும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கொழுந்து’ என்பதில் வரும் ஒகரக் குறியை, எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடு முறையில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அக்குறியீடுகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் முன்னது 3 பைட், பின்னது 6 பைட். கடிதத்தை நகலெடுத்து வேறொரு நிரலில் ஒட்டிச் சரிபார்த்திருந்தால், இந்த மாற்றம் நேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

கூடலூர்ச் சிக்கல் வேறு வகை. நீங்கள் மாறியது பிஜிபி/மைம் என்ற, 2001இன் ஆர்எஃப்சி 3156 என்ற இணையத் தர ஆவணம் வரையறுத்த முறைக்கு. அது கடிதத்தையும் கையொப்பத்தையும் தனித்தனிப் பகுதிகளாக அனுப்புகிறது. இம்முறையை அறியாத நிரல் கையொப்பத்தை வெறும் இணைப்பாகவே காட்டும். அங்கே எதுவும் கெட்டுவிடவில்லை. தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் நிரலில் 2020இல் வந்த 78ஆம் பதிப்பு முதல் இவ்வசதி உள்ளேயே இருக்கிறது.

கையொப்பமிடவும் அதைச் சரிபார்க்கவும் பயன்படும் சாவியைப் புதிதாக உருவாக்குவதாக இருந்தால், சாவி வடிவங்களில் 4ஆம் பதிப்பிலேயே உருவாக்குங்கள். 2024இல் வெளியான ஆர்எஃப்சி 9580 கொண்டுவந்த 6ஆம் பதிப்பை க்னூபிஜி ஏற்காமல் லிப்ரேபிஜிபி என்ற தனித் தரநிலையின் வழியில் செல்வதால், இரு தரப்புக் கருவிகளுக்கும் பொதுவாக இருப்பது பழைய வடிவமே.

பணக் கணக்கு என்பதால் என் பரிந்துரை இது: விவரத்தைப் பிடிஎஃப் கோப்பாக்கி, அதற்கான கையொப்பத்தைத் தனிக் கோப்பாக உருவாக்கி, இரண்டையும் இணைத்து அனுப்புங்கள். இணைப்புகளின் பைட்டுகளை அஞ்சல் நிரல்கள் பொதுவாக மாற்றுவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வரும்போது, உங்கள் சாவியை அடையாளம் காட்டும் 40 எழுத்துக் குறியீடான கைரேகையைத் தாளில் அச்சிட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். தம் கணினியில் தெரியும் கைரேகை அதனுடன் ஒத்திருந்தால் மட்டுமே அவர்கள் சாவியை ஏற்க வேண்டும்.