எட்டு மாதம் ஸ்கேல் வாசித்தும் ஜாஸ் ஏன் வரவில்லை?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 61. காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றேன். எட்டு மாதங்களாகத் தினமும் ஒரு மணி நேரம் மாண்டலினில் மேஜர் ஸ்கேல் வாசிக்கிறேன். வேகம் கூடியதே தவிர, ஜாஸ் வரவில்லை. வாரம் ஒருமுறை சேலத்தில் வகுப்பு. விலை உயர்ந்த வாத்தியம் வாங்கினால்தான் கை ஓடும் என்கிறார் ஆசிரியர். என் வயதுதான் தடையா?"

வயது தடையன்று. வேகம் கூடியிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விரல் பழகிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஸ்கேலை எப்போதும் ஸட்ஜத்தில் தொடங்கி ஸட்ஜத்தில் முடிக்கிறீர்களே, குறை அங்கேதான். ஜாஸ் என்பது பெரும்பாலும் அந்தந்த நேரத்தில் கற்பனையாக வாசிப்பது; சரளி வரிசையோடு நின்றுவிட்டவருக்குக் கல்பனாஸ்வரம் எப்படி வரும்?

மேஜர் ஸ்கேல் என்பது, கமகத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தாம். ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் மூன்று கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) அவற்றைக் கொண்டே சொல்லிவிடலாம்: முதலில் ரி-ம-த-ஸ, அடுத்து ப-நி-ரி-ம, முடிவில் ஸ-க-ப-நி. முதல் கார்டில் இருக்கும் ஸ, இரண்டாவதில் ஒரு ஃபிரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) இறங்கி நி ஆகிறது. இரண்டாவதில் இருக்கும் ம, மூன்றாவதில் அதேபோல் இறங்கி க ஆகிறது. பாட்டு ஓரிடத்திலிருந்து புறப்பட்டு வீடு திரும்பியதுபோல் காதுக்குத் தோன்றுவது பெரும்பாலும் இந்த இரண்டு சிறு இறக்கங்களால்தான். இம்மூன்று கார்டுகளையும் கைபேசியில் மெதுவாகப் பதிவு செய்து ஓடவிட்டு, ஸ்கேலை எந்த ஸ்வரத்திலிருந்தாவது தொடங்குங்கள். கார்டு மாறும் தருணத்தில் மட்டும் உங்கள் விரல் அந்த நி-யிலோ க-விலோ இறங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டையும் திஸ்ரமாக, அதாவது மூன்று பங்காகப் பிரித்து, முதல் ஸ்வரத்துக்கு இரண்டு பங்கும் அடுத்ததற்கு ஒரு பங்கும் கொடுத்தால் ஜாஸுக்கே உரிய ஸ்விங் நடை பிடிபடும். அடுத்தடுத்த தந்திகள் ஸ-ப உறவில் இருப்பதால், திறந்த தந்தியைத் தவிர்த்து வாசிக்கும் வடிவத்தை அப்படியே பக்கத்துத் தந்திக்கு நகர்த்தலாம். அரை மணி நேரம் போதும். ஜாஸ் மாண்டலின் கலைஞர் ஜெத்ரோ பர்ன்ஸின் பதிவுகளையும் கேட்டு வாருங்கள்.

இனி, வாத்தியம். மாணவரைக் கடைக்கு அனுப்பிக் கமிஷன் பெறும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. கடை எது என்று ஆசிரியரே சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். 'மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்தது' என்று சொல்லி எலக்ட்ரிக் மாண்டலினைத் தலையில் கட்டுவார்கள். அவர் இரட்டைத் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்திக்கு மாறியது கமகத்துக்காக. உங்கள் தேவை அதுவன்று.

கை ஓடாததற்குத் தந்தி உயர்ந்திருப்பதும் காரணமாகலாம். ஏற்காட்டுச் சாரலில் ஊறிய மரம் உப்பும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்து வெயிலில் இறங்கினால் சுருங்கும். 12-வது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே மூன்று ஏ.டி.எம். அட்டைகள் தாராளமாக நுழைந்தால் உயரம் அதிகம். தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, தந்திகளைத் தாங்கும் குதிரையின் இருபுறமும் திருகுகள் இருந்தால் அவற்றால் அதைத் தாழ்த்தலாம், செலவில்லை. ஆனால் எல்லாத் தந்திகளையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். மாண்டலினின் குதிரை ஒட்டப்பட்டதன்று, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது.

புதியது வாங்க ஒரே ஒரு நியாயம் உண்டு: கழுத்து வளைந்திருப்பது. முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் தந்தியை அழுத்திக்கொண்டு ஏழாவது ஃபிரெட்டின் மேல் பாருங்கள். மயிரிழை இடைவெளி இருப்பது சரியானதே. விசிட்டிங் கார்டு இடிக்காமல் நுழைந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. அப்போதும் உள்ளே இரும்புக் கம்பி வைத்த வாத்தியமானால், பழுது பார்ப்பவர் அதைத் திருகி நிமிர்த்திவிடுவார். கம்பியும் இல்லை, வளைவும் இருக்கிறது என்றால் மட்டுமே வேறு வாங்குங்கள். அதையும் கடையிலேயே இதே சோதனை செய்து வாங்குங்கள்.

அரசு இசைப்பள்ளிகளில் வயது வரம்பு; தனியார் வகுப்புகளிலோ அறுபது வயதுக்காரரையும் கிரேடு தேர்வுக்குக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். அந்தச் சான்றிதழை எந்த வேலைக்கு விண்ணப்பிக்க வைத்துக்கொள்வீர்கள் என்று அவர்களையே கேளுங்கள்.