ரோம் நகரில் நான்கு நாள்: கேட்டவர்களும் கிடைத்த பதில்களும்

முதல்முறையாக ரோம் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் கீழே. டிக்கெட் விலைகள் அவ்வப்போது மாறும், பணம் கட்டும் முன் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சார், மே மாதம் நானும் மனைவியும் போகிறோம். வெள்ளி காலை இறங்கி திங்கள் இரவு கிளம்புகிறோம். எதை எந்த நாளில் வைப்பது? (கோயம்புத்தூர்)

இடங்களை வரிசைப்படுத்தும் முன் கிழமையைப் பாருங்கள். வாடிகன் அருங்காட்சியகங்களுக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறப்பார்கள், அன்று வரிசை மதிலைச் சுற்றி நீளும். போர்கேசே கலைக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. கொலோசியம் எல்லாக் கிழமையும் உண்டு. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு இலவச நாள் என்பதால் முன்பதிவு இருக்காது, போய் நின்றுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஆகவே உங்களுக்கு இப்படி. வெள்ளிக்கிழமை நேரம் குறித்த எதையும் போடாதீர்கள். விமானம் தாமதமானால் அந்தப் பணம் திரும்பாது. நவோனா சதுக்கம், சுற்றியுள்ள தெருக்கள், இருட்டிய பிறகு ட்ரெவி நீரூற்று என்று நடந்தே பாருங்கள். சனி காலை 8 மணிக்கு வாடிகன். ஞாயிறு கொலோசியம், ரோமன் போரம் (பழைய ரோமின் பொதுச் சதுக்கத்து இடிபாடுகள்), அதை ஒட்டிய பாலடைன் குன்று. ஞாயிறன்று கொலோசியத்துக்குப் போகும் பெரிய சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், நடந்து போக அருமையாக இருக்கும். அது மாதத்தின் முதல் ஞாயிறாக இருந்தால் கொலோசியத்தைத் திங்களுக்குத் தள்ளிவிடுங்கள். திங்களில் மிஞ்சும் நேரத்துக்கு பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன், தேவாலயங்கள், டிராஸ்டெவரே என்ற பழைய பகுதி.

ஒரு நாளைக்கு நேரம் குறித்த நுழைவு ஒன்று போதும். காலையில் வாடிகன், மதியம் கொலோசியம் என்று எழுதிக்கொண்டு போகிறவர்கள் இரண்டாவது இடத்தில் கால் வலியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

கொலோசியம் டிக்கெட் அதிகாரபூர்வத் தளத்தில் காலி என்று காட்டுகிறது. வெளியில் மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். என்ன செய்வது அண்ணா?

சாதாரண டிக்கெட் 18 யூரோ. போரமும் பாலடைனும் அதிலேயே அடக்கம். நிலத்தடி அறைகளும் மணல்தளமும் சேர்ந்தது 24 யூரோ. பயண நாளுக்கு 30 நாள் முன்பு விற்பனை திறக்கும். நிலத்தடி டிக்கெட் திறந்த கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிடும், அதனால் அந்த நாளை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு திறக்கிற நேரத்திலேயே உட்காருங்கள். சாதாரண டிக்கெட்டும் காலை நேரங்களில்தான் முதலில் தீரும். மாலை நேரங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதுவும் இல்லையென்றால் வழிகாட்டியோடு போகும் குழுவில் சேருங்கள். 18 வயதுக்குக் கீழே இலவசம்தான், ஆனால் குழந்தைக்கும் இலவச டிக்கெட் பதிவு செய்தாக வேண்டும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். தமிழ்நாட்டில் நிறையப் பேர் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், தளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. இரண்டு சொல் உள்ள பெயரானால் பிரித்து எழுதுங்கள், ஒரே சொல்லானால் இரண்டு கட்டத்திலும் அதையே எழுதுங்கள். இனிஷியலை மட்டும் போடாதீர்கள். வீட்டில் கூப்பிடும் பெயரும் வேண்டாம்.

நேரம் குறித்திருப்பது கொலோசியத்துக்கு மட்டும்தான். போரம்–பாலடைன் ஒரே வளாகம், அதற்கு ஒரே நுழைவு: வெளியே வந்துவிட்டால் மறுபடி விடமாட்டார்கள். உள்ளே நிழல் மிகக் குறைவு. கோடையில் காலையில் போரத்தை முடித்துவிட்டு வெயில் ஏறியபின் கொலோசியத்துக்குள் போவது நல்லது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது? நாங்கள் மூன்று பேர், நான்கு பெட்டி.

ஃபியுமிசினோ விமான நிலையத்தில் இறங்கினால் மூன்று வழி. லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் இடையில் நிற்காமல் 32 நிமிடத்தில் ஊரின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினிக்குப் போகும், தலைக்கு 14 யூரோ. எப்எல்1 என்ற சாதாரண ரயில் 8 யூரோ. அது டெர்மினிக்குப் போகாது. டிராஸ்டெவரே, ஓஸ்டியென்சே, டிபுர்டினா பக்கம் தங்குகிறவர்களுக்குத்தான் வசதி. காகித டிக்கெட் எடுத்தால் நடைமேடைக்குப் போகும் வழியிலுள்ள சிறிய இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ளுங்கள், மறந்து ஏறினால் அபராதம்.

மூன்று பேர் நான்கு பெட்டி என்றால் டாக்சியே மேல். பழைய ஊர்மதிலுக்குள் எந்த முகவரிக்கும் மாநகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம், 50 யூரோவுக்குச் சற்று மேல் வரும். அது வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல; பெட்டிக்குத் தனியாகக் கேட்கக் கூடாது. வெள்ளை நிற வண்டியாக, வரிசையில் நிற்பதாகப் பார்த்து ஏறுங்கள். வருகை வாசலுக்குள்ளேயே வந்து “டாக்சி, டாக்சி” என்று கூப்பிடுகிறவரோடு போக வேண்டாம். வாடிகனை ஒட்டிய பிராத்தி பகுதி அந்த மதிலுக்கு வெளியே இருப்பதால் அங்கே இந்தக் கட்டணம் பொருந்தாது.

ஊருக்குள் மெட்ரோ, பேருந்து டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். அதற்குள் பேருந்து எத்தனை முறையும் மாறலாம், மெட்ரோவில் ஒரு பயணம்தான். வங்கி அட்டையையே தொட்டுப் போகலாம், ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் சாப்பிடமாட்டோம். ரோமில் பட்டினிதானா? (மயிலாடுதுறை)

பட்டினி இல்லை. ஆனால் பெயரைப் பார்த்து சைவம் என்று நம்பிவிடக் கூடாது.

ரோமின் புகழ்பெற்ற பாஸ்தா நான்கு. கார்பொனாரா, அமாத்ரிச்சியானா, கிரிச்சா மூன்றிலும் பன்றிக் கன்ன இறைச்சி இருக்கும். நான்காவது காச்சோ எ பெபே: மிளகும் பெக்கோரினோ சீஸும் மட்டும். அந்தச் சீஸை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைத்தான் சேர்க்கிறார்கள். பார்மிஜானோவில் கன்றின் இரைப்பை நொதி. இதை ஏற்காதவர்கள் “சென்ஸா ஃபோர்மாஜ்ஜோ”, அதாவது சீஸ் வேண்டாம், என்று சொல்லிவிட வேண்டும். காய்ந்த பாஸ்தாவில், ஸ்பகெட்டி, பென்னே, ரிகடோனி போன்றவற்றில், முட்டை கிடையாது. கையால் செய்த ஃபெத்துசினே, ரவியோலியில் முட்டை உண்டு.

மீன் ஒளிந்திருக்கும் இடங்கள்: பூசணிப்பூ வறுவலுக்குள் நெத்திலி போன்ற அலிச்சி மீன் வைப்பார்கள், புந்தரெல்லே கீரை சாலட்டின் சாறிலும் அதே மீன்தான். அரிசி உருண்டையான சுப்ளியில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும். காய்கறி சூப் கேட்டாலும் எலும்புச் சாறில் கொதிக்க வைத்திருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தைரியமாகச் சாப்பிடக்கூடியவை: பீட்சா மரினாரா. பெயர் கடலை நினைவூட்டினாலும் தக்காளி, பூண்டு, ஒரிகனோ, எண்ணெய் தவிர வேறொன்றும் இல்லை, சீஸ்கூடக் கிடையாது. பென்னே அராபியாத்தாவை சீஸ் தூவாமல் கேளுங்கள், காரமும் கொஞ்சம் இருக்கும். சிக்கோரியா ரிபாசாத்தா என்பது பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கிய கீரை, நம் வீட்டுக் கீரைப் பொரியலுக்கு மிக அருகில் வரும். குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம் வரை போனால் யூதர் பகுதியில் முழுசாக எண்ணெயில் பொரித்த ஆர்டிசோக் என்ற மொட்டுக் காய்கறி கிடைக்கும். வெளி இதழ்கள் அப்பளம் போல நொறுங்கும், நடுப்பகுதி மெத்தென்று இருக்கும். அதற்காகவே பயணத்தை அந்தப் பருவத்தில் வைக்கலாம்.

சொல்ல வேண்டியது: “சோனோ வெஜெதாரியானோ” (பெண்கள் “வெஜெதாரியானா”), கூடவே “சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே, சென்ஸா உவோவா”. இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியே சொல்வது முக்கியம். சோறு இல்லாமல் முடியாது என்றால் விட்டோரியோ எமானுவேலே மெட்ரோ நிலையத்தைச் சுற்றி இந்திய, வங்கதேசக் கடைகள் நிறைய உண்டு.

வாடிகனுக்கு என்ன உடை? சேலை சரியா மேடம்? அருங்காட்சியகம் முடித்து அப்படியே புனித பேதுரு பேராலயத்துக்குள் போய்விடலாமா?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் அதே விதி. சேலை, சுடிதார் தாராளமாகப் போகலாம். கையில்லாத ரவிக்கையானால் முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் வாசல் வேறு. அருங்காட்சியக வாசல் வடக்கு மதிலில் இருக்கிறது; பேராலயத்துக்கு சதுக்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும். வெளியே வந்து மதிலைச் சுற்றி 15 நிமிடமாவது நடந்து, மறுபடி சோதனை வரிசையில் நிற்க வேண்டும். சிஸ்டைன் சிற்றாலயத்தின் வலது மூலையில் நேராகப் பேராலயத்துக்கு ஒரு கதவு உண்டு, அதை வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கே விடுகிறார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எட்டு மணி நுழைவு எடுத்தவர்கள் பலர் சிஸ்டைனை நோக்கி ஓடுவார்கள். ஓவியர் ரபேல் தீட்டிய அறைகளை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள், அவையும் மைக்கேலாஞ்சலோ கூரை தீட்டிய அதே காலத்தில் தொடங்கப்பட்டவை. கூரை 1508 முதல் 1512 வரை, பலிபீடச் சுவரிலுள்ள இறுதித் தீர்ப்பு அதற்கு இருபதாண்டுக்கும் பின். சிற்றாலயத்தில் படம் எடுக்கவும் பேசவும் தடை. ஓரத்து இருக்கை காலியானால் உடனே உட்கார்ந்து மேலே பாருங்கள், நின்றுகொண்டே பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும்.

பேராலயத்துக்கு நுழைவு இலவசம். புதன் காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். குவிமாடத்துக்கு 551 படி. லிப்ட் எடுத்தாலும் கடைசி 320 படி ஏறியே ஆக வேண்டும், மேலே போகப் போகச் சுவர் சாய்ந்து வழி குறுகும். இதய நோயாளிகள், மூடிய இடத்தில் மூச்சடைப்பவர்கள் தவிர்க்கவும்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. எதை விடலாம்?

போரத்தின் உட்பகுதியை விட்டுவிடுங்கள். பழைய ரோமானியத் தெருவின் பெரிய கருங்கற்கள் தேய்ந்து, ஒன்றுக்கொன்று இடைவெளியோடு கிடக்கும். அதற்குப் பதில் கேபிடோலைன் குன்றின் பின்புற மாடத்திலிருந்து முழுப் போரத்தையும் பார்க்கலாம், காசும் இல்லை. கொலோசியத்தில் லிப்ட் உண்டு, வாசலிலேயே கேளுங்கள். வாடிகன் அருங்காட்சியகத்தில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். தெருக்களில் சக்கர நாற்காலி சிரமம்: சம்பியெத்ரினி என்ற சிறு சதுரக் கற்களின் இடுக்கில் முன்சக்கரம் மாட்டும். விடுதியை பாந்தியன் பக்கம் எடுத்தால் வாடகை கூடும், ஆனால் அம்மா மதியம் திரும்பி வந்து படுக்கலாம். அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை.

பாந்தியனுக்கு இப்போது 5 யூரோ வாங்குகிறார்களாமே. வெளியிலிருந்து பார்த்தால் போதாதா?

போதாது. ரோமில் ஒரே ஒரு கட்டடத்துக்குள்தான் போக முடியும் என்றால் இதற்குள் போகச் சொல்வேன். முகப்பில் முதலில் கட்டிய அக்ரிப்பாவின் பெயர் இருந்தாலும் இப்போது நிற்பது பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்தது. உள்ளே குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சியும் அதே அளவு. கம்பி வைக்காத கான்கிரீட்டில் இதைவிடப் பெரிய குவிமாடம் இன்றும் இல்லை. கீழே கனமான கல், மேலே போகப் போக இலேசான கல் என்று கலவையையே மாற்றியிருக்கிறார்கள். உச்சியில் எரிமலை நுரைக்கல். சுவரின் கனம் அடியில் 6 மீட்டர், உச்சித் துளையின் விளிம்பில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல்.

சுமார் 9 மீட்டர் அகலமுள்ள அந்தத் துளைக்குக் கண்ணாடி கிடையாது. மழை நேராக உள்ளே விழும். தரையைக் கூர்ந்து பாருங்கள்: நடுப்பகுதி இலேசாக மேடாக இருக்கும், பளிங்கில் சிறு வடிகால் துளைகள் தெரியும். வெயில் நாளில் போனால் சுவரில் விழும் ஒளிவட்டம் எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நகர்ந்திருக்கும்.

குடிக்கத் தண்ணீர் வாங்கியே காசு போகிறது என்கிறார்களே?

வாங்கவே வேண்டாம். தெருவுக்குத் தெரு நசோனி என்ற வார்ப்பிரும்புக் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல குளிர்ந்த குடிநீர். குனிய வேண்டாம்: குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் வளைந்து எழும்பும். காசு போவது காபிக்கு. கடை மேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. பெரிய சதுக்கங்களில் பல மடங்காகும். உணவகத்தில் ரொட்டிக்கும் சேவைக்கும் தனித்தொகை பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். விடுதியில் மாநகர வரி, தரத்தைப் பொறுத்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 முதல் 10 யூரோ வரை. அறை வாடகையில் சேராமல் தனியாக வாங்குவார்கள்.

ஒரு நாள் பாம்பேய் போய் வரலாமா?

நான்கு நாளில் வேண்டாம். போக்குவரத்தே பாதி நாளைத் தின்னும். ஓஸ்டியா அந்திகா போங்கள்: பழைய ரோமின் துறைமுக நகரம், உணவகம், ரொட்டிச் சூளை, பொதுக் கழிப்பறை வரை அப்படியே இருக்கிறது. பிரமிதே மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ரயிலில் அதே 1.50 யூரோ டிக்கெட். திங்கள் விடுமுறை.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எவ்வளவு முன்னால் விண்ணப்பிப்பது? (சென்னை)

ஆறு மாதம் முன்பிலிருந்தே கொடுக்கலாம். கோடை விடுமுறைக்கு விசா விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு, மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. வேறு நாடுகளும் சேர்ந்த பயணமானால் அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ரோமில் மூன்று இரவு, பாரிசில் ஐந்து இரவு என்று காட்டி இத்தாலியிடம் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். விசா வரும்வரை ரத்து செய்யக்கூடிய விடுதிப் பதிவே எடுங்கள். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு இந்த விசா தேவையில்லை.

நாங்கள் கிளம்பும் வெள்ளிக்கிழமை வேலைநிறுத்தம் என்று செய்தி பார்த்தேன். விமானத்தைப் பிடிக்க முடியுமா?

“ஷோப்பெரோ” என்பார்கள், முன்கூட்டியே அறிவிப்பது வழக்கம். நகரப் போக்குவரத்தில் காலை 8.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் வண்டி ஓடியாக வேண்டும். வேலைநாளில் வட்டார ரயில்களுக்கு அந்தக் காப்பு நேரம் காலை 6–9, மாலை 6–9. லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ஓடாவிட்டால் மாற்றுப் பேருந்து விடுவார்கள், அதற்குக் கூட்டம் முட்டும். காப்பு நேரத்துக்குள் நிலையத்துக்குப் போய்விடுங்கள். அது சரிப்படாவிட்டால் முந்தின இரவே விடுதியில் சொல்லி டாக்சி பதிவு செய்துகொள்ளுங்கள். அன்று காலையில் கூப்பிட்டால் கிடைக்காது.